ஹரோவுக்குத் தெரியாமல் ஒரு புளிப்பு

லண்டன் ஹரோவில் கலியாணமான ஓர் ஆண் தனியாகத் தமிழ்க் கடைக்குப் போய் மாங்காய் வாங்க முடியாது. கத்தரிக்காய் வாங்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம், ஒரு முழு ஆட்டையே வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம், ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மாங்காயைக் கையில் எடுத்தீர்களோ, முடிந்தது கதை. கல்லாவில் நிற்கும் அக்கா அதை வாங்கி நிறுக்கும்போது எடையைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் வீட்டுக்கு வந்து காரை நிறுத்துவதற்குள் தென்லண்டன் சட்டனில் இருக்கும் மாமி போன் எடுத்து, "என்ன தம்பி, ஏதும் விசேஷமோ?" என்று கேட்பார்.

அந்த அக்காவைப் பற்றிக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் லண்டனுக்கு வந்த புதிதில் சம்பளம் வரும் வரைக்கும் அரிசி பருப்புத் தந்து சமாளித்து விட்டவர் அவர்தான். ஆனால் வாய் இருக்கிறதே வாய், அது வேறு கணக்கு. யார் வீட்டில் பெண் பெரியபிள்ளையானாள், யாருக்குக் கவுன்சில் வீடு கிடைத்தது, யாருடைய மகன் வெள்ளைக்காரப் பெட்டையோடு திரிகிறான், எல்லாம் அக்காவின் கல்லாவைத் தாண்டித்தான் ஹரோவுக்குள் போகும். மற்ற நாட்களில் நானும் அங்கே சாய்ந்து நின்று வாயைப் பிளந்து கேட்கிறவன்தான். அந்தக் கோடையில் மட்டும் அந்தக் கடைப் பக்கம் போகவே எனக்குக் குலை நடுங்கியது.

காரணம், என் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சந்தோஷம் தாங்காமல் மூலைமுடுக்கெல்லாம் சொல்லி, கேக் வெட்டி, கோயிலில் அர்ச்சனையும் செய்தோம். இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. அதன் பிறகு அதே ஆட்களுக்கு அதே போனில் மறுபடி சொல்ல வேண்டியிருந்ததுதான் கொடுமை. எல்லாரும் நல்ல சனங்கள். சூப் காய்ச்சிக் கொண்டு வந்தார்கள், நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னார்கள், இன்னும் வயது கிடக்குதுதானே என்றார்கள். அவர்கள் போன பிறகு அவள் கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறையில் இருப்பாள். நான் வெளியே கதவில் முதுகை வைத்துக்கொண்டு இருப்பேன்.

அதனால் மூன்றாவது தடவை, பரிசோதித்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, குளியலறை வாசலில் நின்றே அவள் சட்டம் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் வாய் திறக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. உங்கடை அண்ணைக்கும் கூடாது. கடவுளுக்கும் நானே சொல்லுறன்."

இதை அவள் யாரிடம் சொன்னாள் என்று பாருங்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் எனக்கு ஓட்டைவாய் என்றுதான் பெயர். ஷிப்ட் மாறுவதை மனேஜர் அறிவிக்கும் முன்பே நான் அறிவித்து விடுவேன். அப்படிப்பட்டவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரிந்தேன். கோயிலில் ஐயர் சுகம் விசாரித்தபோதுகூட வானிலையைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.

வாந்தி தொடங்கியது. நாங்கள் சத்தி என்போம். காலையில் கொஞ்சம் வரும், பிறகு சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இவளுக்குக் காலை, மத்தியானம், இரவு என்ற பேதமே இல்லை. சோற்று மணம் ஆகாது, கறிவேப்பிலை மணம் ஆகாது, என்னுடைய மணமும் ஆகாது. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வரும். ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின் அவளோடேயே வீடு முழுக்கத் திரிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். வந்த கையோடு மறுபடியும் தொடங்கியது, மறுபடியும் ஏற்றினார்கள். முகம் வாடி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் வாய் திறந்து சொன்னாள், நல்ல புளி மாங்காய் கிடந்தால் ஒரு துண்டு தின்னலாம் போல இருக்கிறது என்று. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளில் அவள் வாயால் கேட்ட முதல் சாப்பாடு! சப்பாத்தைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். கதவைத் திறந்த பிறகுதான் கல்லா அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சூப்பர்மார்க்கெட்டில் கல்லு மாதிரி ஒரு மாம்பழம் வாங்கினேன். வெளியேதான் கல்லு, உள்ளே சீனி. அவள் ஒரு கடி கடித்தாள், பேசினை எடுத்தாள். எலுமிச்சம்பழம், வினாகிரி, குழந்தைகள் தின்னும் புளிப்பு இனிப்பு, எதுவும் சரிவரவில்லை. சரி, ஹரோவில்தானே அக்கா இருக்கிறார், லண்டனின் மற்றத் தொங்கலுக்குப் போவோம் என்று ஸ்ட்ரெதத்துக்குக் காரை விட்டேன். அங்கே ஒரு தமிழ்க் கடையில் மாங்காய்ப் பெட்டியில் கை வைத்த அந்தக் கணம், பின்னால் இருந்து "மச்சான்!" என்று ஒரு குரல். வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், அந்தக் கடையில் பங்குக்காரனாம். மாங்காயை விட்டுவிட்டு, தேவையே இல்லாத ஒரு மூட்டை குத்தரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சட்டன் பக்கம் நான் போகவே இல்லை. அங்கே மாமி இருக்கிறார்.

அந்த ஞாயிறு மெல்பேர்னில் இருந்து அண்ணை போன் எடுத்தார். அண்ணை அவுஸ்திரேலியாவுக்குப் போன நாளில் இருந்து பழத்தைத் தவிர வேறு கதை கிடையாது. அங்கே ஊர்ப்புறத்தில் பழத்தோட்டங்களைத் திறந்து விடுவார்களாம். வாளியை வாங்கிக்கொண்டு போய் நாங்களே மரத்தில் இருந்து ஆய்ந்து, பறித்துத் தின்னலாமாம். நத்தாருக்கு, கிறிஸ்மசுக்குத்தான், செரி, தைப்பொங்கல் நேரத்தில் பீச், பங்குனி சித்திரையில் ஆப்பிள். இப்போது அங்கே குளிர்காலமாம், ஆனாலும் மந்தரின் தோடம்பழம் ஆயப் போனாராம். வாளியோடு நிற்கும் படமும் அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்துக் கொய்யாவில்கூட ஏறாத மனிதர் அவர். கீழே நின்று அதைப் போடு, இதைப் போடு என்று எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டு நிற்பார். அதைச் சொல்லிக் காட்டினேன், சிரித்தார். சிரித்துவிட்டு, போன கோடையில் நடந்த ஒரு பகிடியைச் சொன்னார். காலம் தெரியாமல் பிளம்ஸ் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். எல்லாம் பச்சைக் காய். இவ்வளவு தூரம் காரோடிப் போய் வெறுங்கையோடு திரும்புவதா என்று அண்ணி அந்தக் காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தாராம்.

"டேய், கண்ணை மூடிக்கொண்டு திண்டால் மாங்காய்தான்டா. சத்தியமாச் சொல்லுறன்."

நான் போனோடு எழும்பி நின்றுவிட்டேன். வாய் தானாகத் திறந்தது. எதிர்ச் சோபாவில் இருந்து அவள் பார்த்த பார்வையில் திறந்த வாய் அப்படியே மூடியது. உப்பிடியான தோட்டம் லண்டனில் இல்லையோ என்று மட்டும் கேட்டேன். உங்கள் ஊரில் மழையைத்தான் ஆயலாம் என்று சொல்லிவிட்டு அண்ணை போனை வைத்தார்.

மழையை ஆய்வதாவது! அன்றைக்கே தேடிப் பார்த்தேன். லண்டனைச் சுற்றி, எம் இருபத்தைந்து நெடுஞ்சாலைக்கு வெளியே, எத்தனை தோட்டங்கள்! இத்தனை வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியும் எனக்குத் தெரியாமல் போயிற்று. மாங்காய் கிடைக்காவிட்டால் என்ன, தமிழ் ஆட்களின் கண்ணே படாத ஒரு பச்சைக் காய் கிடைக்கப் போகிறது என்று எனக்கு நிலைகொள்ளவில்லை.

பின்னேர ஷிப்டுக்கு முன்னால் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்துக்கு ஓடினேன். வைக்கோல் பரப்பிய பாத்திகளில் ஸ்ட்ரோபெரி சிவந்து கிடந்தது. தள்ளுவண்டியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய்மார் வாய் சிவக்கத் தின்றுகொண்டு போனார்கள். பிளம்ஸ் மரங்கள் தூரத்தில் கயிறு கட்டி மறித்திருந்தன. வாசல் மேசையில் இருந்த பெட்டை, பிளம்ஸ் ஆவணியில்தான் பழுக்கும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாள். பழுக்காததுதான் எனக்கு வேண்டும் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பழுக்காதது புளிக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள். புளிக்கத்தான் வேண்டும் என்றேன். அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவரும் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். பழுக்கப் போகிற காயைப் பிடுங்கினால் தங்களுக்கு நட்டமாம், வேண்டுமென்றால் ஸ்ட்ரோபெரி எடுக்கட்டாம்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை அந்த மனிதர் கயிற்றை அவிழ்த்து விட்டிருப்பார். மனைவி பிள்ளைத்தாச்சி, அவ்வளவுதானே. ஆனால் ஒருத்தருக்கும் என்றால் ஒருத்தருக்கும்தான், வெள்ளைக்காரரும் ஒருத்தர்தானே. வாழ்நாள் முழுக்க வாயால் கெட்ட நான் அன்றைக்கு வாயை மூடிக் கெட்டேன். ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரியோடு திரும்பி வந்து, கோபத்தில் எல்லாவற்றையும் நானே தின்றேன்.

வெள்ளிக்கிழமை டொக்டர் அவளை நிறுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். திங்கட்கிழமை திரும்பவும் வர வேண்டும், அதற்குள் எடை இன்னும் இறங்கினால் வார்ட்டில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். இரண்டாவது பிள்ளையை நாங்கள் விட்டுவிட்டு வந்ததும் அதே வார்ட்டில்தான். யன்னலோரக் கட்டில். காரில் ஏறிய பிறகு அவள் அழவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தக் கட்டிலுக்கு நான் திரும்பிப் போக மாட்டன். நாளைக்கு நானும் உங்களோடை வாறன். எங்கை எண்டாலும் சரி, ஒரு காய் தேடித் தாங்கோ."

சனிக்கிழமை நான் வேறு ஒரு பொய்யில் மாட்டியிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொரு கோடையும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும். மினி பஸ் ஓட்டுவது எப்போதும் நான்தான். இந்தத் தடவை எனக்கு ஷிப்ட், ஏலாது என்று சொல்லிவிட்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம்.

தமிழ் ஆட்கள் வராத இடமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தூரமாகக் கென்ட் பக்கம் தெரிந்தெடுத்தேன். வழி முழுக்க அவள் மடியில் பேசின். இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போனோம். ஆனால் வேலியோரம் வெள்ளைப் பூக்களும், சரிவு சரிவாக மரங்களும் தெரியத் தொடங்கியதும் அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். எனக்கும் ஏதோ இன்றைக்கு நடக்கப் போகிறது என்று ஒரே புளகாங்கிதம். பாட்டுக்கூடப் பாடினேன். தோட்டத்துக் கார் நிறுத்துமிடத்துக்குள் திருப்பினேன். பஸ் ஓட்டுகிறவன் கண்ணில் முதலில் படுவது பஸ்தானே. வெள்ளை மினி பஸ். பக்கத்தில் மஞ்சள் டீசேட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மரத்தடியில் பாய் விரித்து, புளிச்சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டு பாதி ஹரோ இருந்தது.

அவள் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தாள். நான் ரிவர்ஸ் போட்டேன். சால்வைக்குள் இருந்து குரல் வந்தது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நான் இப்படியே கிடக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்று. அந்தக் குரலில் இருந்த களைப்பைக் கேட்ட பிறகு திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. காரை ஒரு பெரிய வான் வண்டிக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தினேன்.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, வேலியோடு வேலியாகக் குனிந்து குனிந்து போனேன். தொந்தி வைத்த ஒரு மனிதன் குனிந்துகொண்டு ஓடுவதைப் பார்த்து இரண்டு செம்மறியாடுகள் தின்பதை நிறுத்தின. செரி மரங்களைத் தாண்டி, ஆப்பிளைத் தாண்டி, பிளம்ஸ் வரிசைக்கு வந்தேன். அங்கே குட்டி ஏணியில் ஒரு வயதான தோட்டக்காரர் நின்று கொப்புக்கொப்பாகப் பச்சைக் காய்களைக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கூடையில் அல்ல, நிலத்தில்! மரத்தைச் சுற்றிப் புல் தெரியாமல் நெல்லிக்காய் அளவில் பச்சைப் பிளம்ஸ் கொட்டிக் கிடந்தது. நான் கயிறு தாண்ட முடியாமல் கெஞ்சிய அதே காயை இவர்கள் மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்!

ஏன் கிள்ளிப் போடுகிறீர்கள் என்று மூச்சு வாங்கக் கேட்டேன். ஒரு கொப்பில் இவ்வளவு காய் இருந்தால் மரத்தால் தாங்க ஏலாது, கொப்பு முறிந்துவிடும், கொஞ்சத்தைப் போக விட்டால்தான் மிச்சம் நன்றாகப் பழுக்கும் என்றார் அவர். அந்த விளக்கத்தை இன்றுவரை என் மனைவிக்கு நான் சொல்லவில்லை. கீழே கிடப்பதை எடுக்கலாமோ என்று கேட்டேன். எவ்வளவும் அள்ளு, இதைக் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சிரித்தார். மருந்து அடித்ததோ என்று கேட்டேன். இப்போதைக்கு அடிக்கவில்லை, ஆனாலும் நன்றாகக் கழுவித்தான் தின்ன வேண்டும் என்றார்.

கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலால் ஒன்றைக் கழுவிக் கடித்தேன். பல் கூசியது, காது கூசியது, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வாய் முழுக்கத் தண்ணீர் ஊறியது. அண்ணை, நீ நூறு வயது வாழ வேண்டும் என்று மெல்பேர்ன் எந்தத் திசை என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சொன்னேன். தொப்பி நிறைய அள்ளினேன். தொப்பி போதாமல், போட்டிருந்த சேட்டைத் தூக்கி மடி கட்டி அள்ளினேன். தொந்தி தெரிந்தால் தெரியட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

"உது யார், தம்பியே?"

கல்லா அக்கா. சேலைக்குக் கீழே ஓட்டப் பந்தயச் சப்பாத்து, தலையில் பெரிய வைக்கோல் தொப்பி, கையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டி. நான் மடி நிறையப் பச்சைக் காயோடு எழும்பி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். கடையில் மாங்காய் நிறுக்கும்போது பார்க்கிற அதே பார்வை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு, இன்றைக்குப் பின்னேரம் ஹரோ முழுக்க, நாளைக்கு மெல்பேர்ன் வரைக்கும் என்று நினைத்தேன். நாக்கு தன் பாட்டில் ஓடத் தொடங்கியது. ஷிப்ட் கடைசி நேரத்தில் மாறிவிட்டது, சும்மா ஒரு சுற்று வந்தேன், இந்தக் காயில் ஊறுகாய் போட்டால் நல்லது என்று டிப்போவில் ஒருத்தன் சொன்னான், அதுதான், ஊறுகாய்க்கு.

"ஊறுகாய்க்கோ?"

"ஓம் அக்கா. ஊறுகாய்க்கு."

அவர் திரும்பி, மரங்களுக்கு ஊடாகக் கார்கள் நின்ற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கிருந்து அந்த வான் வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மனைவி எங்கே என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஸ்ட்ரோபெரிப் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்தார். உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும். எங்கள் ஆட்கள் பழத்தோட்டத்துக்குப் போனாலும் உப்பும் தூளும் இல்லாமல் போக மாட்டார்கள்.

"ஊறுகாய்க்கு உப்பு வேணும்தானே, தம்பி. கொண்டு போங்கோ."

அந்த நேரம் பார்த்து, மஞ்சள் டீசேட்டுகளோடு நாலைந்து தாய்மார் அந்த வரிசைக்குள் வரத் தொடங்கினார்கள். அக்கா ஸ்ட்ரோபெரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய்க் கையை அகல விரித்தார். இங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் வெறும் பிஞ்சு, ஐயா ஏச்சுப் பேசுகிறார், வாருங்கோ செரிப் பக்கம் என்று கடைக்குரலில் சத்தம் வைத்து அவ்வளவு பேரையும் மேய்த்துக்கொண்டு போனார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்கு வந்ததும் போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். பேனாக்கத்தியால் வெட்டிக் கொட்டையை எடுத்து, தூளில் தொட்டு நீட்டினேன். அவள் சால்வைக்குள் இருந்து கையை மட்டும் நீட்டி வாங்கினாள். கறுக்கென்று ஒரு கடி. அவள் கண்ணை இறுக்கி மூடினாள். நான் பேசினை எடுத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவள் மென்றாள். விழுங்கினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அவளல்ல, நான். சால்வையை விலக்கிவிட்டு அவள் கையை மறுபடி நீட்டினாள்.

"இன்னொண்டு."

நான் வெட்ட வெட்ட அவள் தின்றாள். ஒரு துண்டு தவறி மடியில் விழுந்தது, அதையும் எடுத்துத் தின்றாள். மூக்கில் நீர், கண்ணில் நீர், உதட்டில் மிளகாய்த்தூள். என்ன அழகாக இருந்தாள்! பேசின் வெறுமையாக இருந்தது. திரும்பி வரும் வழியில் அவள் தூங்கிவிட்டாள். நான் லொறிக்காரரைவிட மெதுவாக, குழி பார்த்துக் கார் ஓட்டினேன். வீட்டு வாசலில் கண் முழித்தவள், கொஞ்சம் சோறும் பருப்பும் வைக்க ஏலுமோ என்று கேட்டாள். சமையலறைக்குள் போய் அரிசி கழுவிக்கொண்டே நான் வாய்விட்டு அழுதேன். ஸ்ட்ரெதத்தில் வாங்கிய அந்தக் குத்தரிசி அன்றைக்குத்தான் உலை கண்டது.

ஞாயிறும் காய், சோறு, காய். திங்கட்கிழமை டொக்டர் நிறுத்துப் பார்த்தார். எடை இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியும் இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பழம் என்றாள் அவள். வார்ட் இருந்த பக்கம் திரும்பிப் பாராமல் இரண்டு பேரும் வெளியே வந்தோம். பிறகு வந்த கிழமைகளிலும் நான் கென்டுக்கு ஓடினேன். அந்தத் தோட்டக்கார ஐயா எனக்கென்று ஒரு வாளியில் சேர்த்து வைத்திருந்தார். காய்கள் பெருத்துப் புளிப்புக் குறையத் தொடங்கிய நேரம் அவளுக்குச் சத்தியும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் டிப்போவில் ஒரு துருக்கிக்காரன் சொன்னான், இந்தப் பச்சைப் பிளம்ஸை அவர்கள் உப்புத் தொட்டுத்தான் தின்பார்களாம், வைகாசி மாதம் முழுக்கத் துருக்கிக் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்குமாம். எங்கள் தெருமுனையிலேயே ஒரு துருக்கிக் கடை இருக்கிறது. இதை நான் வீட்டில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

போன் மணி அடிக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சட்டன் மாமிதான் என்று நினைப்பேன். மாமி எடுத்தார், மழையைப் பற்றிக் கதைத்தார். ஸ்ட்ரெதம் மச்சான் எடுத்தான், குத்தரிசி எப்படி என்று கேட்டான். கோயிலில் ஒருவரும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. எனக்கு விளங்கவே இல்லை. ஹரோவின் வாய்க்கு என்ன நடந்தது?

ஆறு மாதம் கடந்து, வயிறு சட்டைக்குள் அடங்காமல் போன பிறகு அவள் தன் வாயால் எல்லாருக்கும் சொன்னாள். முதலில் நேரே கடைக்குத்தான் போனாள், மாங்காய் வாங்க. நானும் பின்னால் நின்றேன். அக்கா கல்லாவை விட்டு இறங்கி வந்து அவளைக் கட்டிப் பிடித்தார். எடியே பிள்ளை, எனக்கு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லவில்லையே, ஹரோவில் எனக்குத் தெரியாமல் இப்படியும் ஒன்று நடக்குமோ என்று கடை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். என்னைப் பார்த்து, நீயும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே கள்ளன் என்று தோளில் ஒரு அடி போட்டார். என்ன நடிப்பு! நானே கொஞ்ச நேரம் நம்பிவிட்டேன்.

மகள் பிறந்தாள், தை மாதத்தில், நல்ல குரலோடு. முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்குச் சாமான் வாங்க நான் தனியாகக் கடைக்குப் போனேன். அக்கா தந்த உப்புப் போத்தலைக் கழுவித் துடைத்துக் கொண்டு போயிருந்தேன். கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அதைக் கல்லாவில் வைத்தேன். அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை, கேட்டுவிட்டேன். எல்லாம் அன்றைக்கே விளங்கியும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, உங்களால் எப்படி ஏலுமாயிருந்தது என்று. அக்கா மஞ்சளையும் தேங்காயையும் பையில் போட்டார், கற்பூரத்தைப் போட்டார்.

"என்ரை மூத்தவனைத் தெரியுந்தானே, தம்பி. உங்கடை கலியாணத்துக்குக் கார் ஓடினவன். எல்லாரும் அவனை மூத்தவன் எண்டுதான் சொல்லுறவை. எனக்கு அவன் மூண்டாவது."

பிறகு போத்தலைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஹரோவில் வேறு ஒருவருக்கும் தெரிய முன்னம் நான் அவருக்கு அதைச் சொன்னேன்.